எல்லோருக்கும் புரிந்த பிழைகள்

பிரிட்டனின் டெஸ்கோ பேரங்காடிகளில் குறைவாகப் பொருள் வாங்கியவர்கள் சீக்கிரம் பணம் கட்டிவிட்டுப் போகத் தனி வரிசை வைத்திருந்தார்கள். அதன் மேலிருந்த பலகையில் 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்று எழுதியிருந்தது. எண்ணக்கூடிய பொருளுக்கு 'லெஸ்' வரக்கூடாது, 'ஃப்யூவர்' என்றுதான் வரவேண்டும் என்று இலக்கணப் பற்றுள்ளவர்கள் விடாமல் குறை சொல்லிவந்தார்கள். 2008இல் அந்த நிறுவனம் 'ப்ளெய்ன் இங்கிலிஷ் கேம்பெய்ன்' அமைப்பின் யோசனைப்படி 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று பலகையை மாற்றிக்கொண்டது. லெஸ், ஃப்யூவர் இரண்டுமே இல்லாத வாசகம் அது.

இவ்வளவு மனத்தாங்கலை உண்டாக்கிய பழைய பலகையைத் தவறாகப் புரிந்துகொண்டவர் யாராவது உண்டா? குறை சொன்னவர்களுக்கும் அது சொன்னது தெளிவாகவே புரிந்தது. புரிந்ததால்தான் அதைத் திருத்தவும் முடிந்தது. பேச்சு ஆங்கிலத்தின் மீது சொல்லப்படும் புகார்களை வரலாற்றில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், மிகப் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. பொருள் கெட்ட இடத்தில் எழுந்தவை அல்ல. பொருள் விளங்கிய பிறகு காதுக்குப் பிடிக்காமல் எழுந்தவை. அந்தப் பிடிக்காமைக்கு எங்கிருந்து இவ்வளவு அதிகாரம் வந்தது என்பதும், மெய்யாகவே பேச்சு புரியாமல் போகும் இடத்தில் இதே அக்கறை ஏன் காணாமல் போகிறது என்பதும் என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்விகள்.

லெஸ், ஃப்யூவர் வேறுபாட்டையே எடுத்துக்கொள்வோம். 9ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னரின் பெயரில் வழங்கும் மொழிபெயர்ப்பிலேயே எண்ணக்கூடியவற்றுக்கு 'லெஸ்' என்பதன் பழைய வடிவம் ஆளப்பட்டிருக்கிறது. அதன் பிறகு ஏறத்தாழ 900 ஆண்டுகள் யாரும் அதைப் பிழையென்று சொல்லவில்லை. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ஆங்கில வழக்குகளைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். எண்ணைக் குறிக்கும்போது 'ஃப்யூவர்' என்பது நயமாகவும் சரியாகவும் தமக்குத் தோன்றுவதாக அதில் எழுதினார். 'தமக்குத் தோன்றுவதாக' என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் பணிவாகச் சொன்ன விருப்பம் அது. அடுத்தடுத்து வந்த இலக்கண நூல்கள் அந்தப் பணிவை உதிர்த்துவிட்டு விருப்பத்தை மட்டும் விதியாக்கின. இன்று அந்த விதியைக் காக்கப் புறப்படுகிறவர்கள் மொழியின் தொன்மையைக் காப்பதாகவே நம்புகிறார்கள். உண்மையில் தொன்மை பலகை எழுதியவர்களின் பக்கம் இருக்கிறது.

வாக்கியத்தை முன்னிடைச் சொல்லில் (ப்ரெபொசிஷன்) முடிக்கக்கூடாது என்ற விதியின் கதையும் ஏறக்குறைய இதுதான். 1672இல் கவிஞர் ஜான் டிரைடன், தமக்கு முந்தைய தலைமுறையின் பெரும் நாடகாசிரியரான பென் ஜான்சனிடம் இந்தக் குறையைக் கண்டுபிடித்தார். லத்தீனில் அப்படி ஒரு வாக்கியத்தை முடிக்க வழியில்லை. லத்தீனை அளவுகோலாக வைத்துத் தம் ஆங்கிலத்தைச் சரிபார்க்கும் பழக்கம் டிரைடனுக்கு இருந்தது. கண்டுபிடித்ததோடு அவர் நிற்கவில்லை. 1668இல் தாம் வெளியிட்டிருந்த நாடகக் கலை பற்றிய கட்டுரையை 1684இல் மறுபதிப்புச் செய்தபோது, தம் வாக்கியங்களின் கடைசியில் நின்ற முன்னிடைச் சொற்களைத் தேடித்தேடி இடம் மாற்றினார். ஆங்கில உரைநடையின் மிகச் சிறந்த கைகளில் ஒன்று, தன் தாய்மொழியின் இயல்பான நடையைப் பிறமொழியின் கண்ணால் பார்த்துக் கூச்சப்பட்ட தருணம் அது. மூன்றரை நூற்றாண்டாக ஆங்கிலம் கற்கும் குழந்தைகள் அந்தக் கூச்சத்தைச் சுமந்து வருகிறார்கள். நாமும் சுமக்கிறோம்.

18ஆம் நூற்றாண்டில் இந்த விருப்பங்களெல்லாம் சேர்ந்து ஒரு சட்டத்தொகுப்பு போல ஆனதற்குச் சமூகக் காரணம் உண்டு. வணிகத்தில் பணம் சேர்த்த குடும்பங்கள் பிரபுக்களின் வரவேற்பறைக்குள் நுழையத் தொடங்கிய காலம் அது. அங்கே காட்டிக்கொடுத்துவிடாத பேச்சு அவர்களுக்குத் தேவைப்பட்டது. அச்சகங்கள் அந்தத் தேவையை நிறைவேற்றின. பின்னாளில் லண்டன் பிஷப் ஆன ராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட இலக்கணம் மறுபடி மறுபடி பதிப்பிக்கப்பட்டது. யார்க் நகரத்தருகே வாழ்ந்த அமெரிக்கரான லிண்ட்லி மர்ரே, லௌத்தின் நூலிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டு 1795இல் பள்ளிகளுக்கென்று எழுதிய இலக்கணம் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் லட்சக்கணக்கில் விற்றது. லௌத் கடுமையான மனிதர் அல்லர். முன்னிடைச் சொல்லில் முடிவது ஆங்கிலத்தின் இயல்பான போக்கு என்று ஒப்புக்கொண்டவர். ஒப்புக்கொண்ட அந்த வாக்கியத்தையே அப்படித்தான் முடித்தார். ஆனால் ஷேக்ஸ்பியர், மில்டன், ஸ்விஃப்ட் ஆகியோரிடமிருந்தும் பைபிள் மொழிபெயர்ப்பிலிருந்தும் பிழைகளை எடுத்து அடிக்குறிப்பில் அடுக்கும் அவருடைய முறை ஒரு மனநிலையைப் பழக்கிவிட்டது. ஒரு மொழியின் தலைசிறந்த எழுத்தாளர்கள் எல்லோரும் ஒரு விதியை மீறியிருந்தால், சந்தேகப்பட வேண்டியது விதியையா எழுத்தாளர்களையா? இலக்கணக்காரர்கள் எழுத்தாளர்களைச் சந்தேகித்தார்கள்.

இரட்டை எதிர்மறையும் அப்போதுதான் குற்றமாயிற்று. ஒரே வாக்கியத்தில் எதிர்மறைச் சொற்களை அடுக்கினால் மறுப்பு அழுத்தம் பெறும் என்பது பழைய ஆங்கிலத்தின் வழக்கம். 'கான்டர்பரி கதைக'ளில் சாசர் தம் வீரரின் பண்பைச் சொல்லும்போது எதிர்மறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுகிறார். ஷேக்ஸ்பியரிடமும் அது உண்டு. கணக்கில் இரண்டு எதிர்மறைகளைப் பெருக்கினால் நேர்மறை ஆகும் என்ற நியாயத்தை 18ஆம் நூற்றாண்டு இலக்கணம் பேச்சுக்கும் நீட்டியது. தனக்கு ஒன்றும் வேண்டாம் என்பதை 'ஐ டோன்ட் வான்ட் நத்திங்' என்று ஒருவர் சொல்லும்போது, ஏதோ வேண்டும்போலிருக்கிறது என்று எண்ணி எடுத்துக்கொடுக்கும் ஆங்கிலேயர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. விதியால் மாறியது ஒன்றுதான். இந்த வழக்கு படித்தவர்கள் வாயிலிருந்து மறைந்து, உழைப்பாளிகளின் பேச்சிலும் கறுப்பின மக்களின் பேச்சிலும் தங்கியது. பிறகு அங்கே தங்கியிருப்பதே அது இழிவானது என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது.

செத்துப்போன புகார்களைப் படிப்பது மிகுந்த பயன் தரும். 1660இல் குவேக்கர் என்ற கிறித்தவ இயக்கத்தின் ஜார்ஜ் ஃபாக்ஸ், தனி ஒருவரைப் பார்த்து 'யூ' என்று பேசுவதைக் கண்டித்து நண்பர்களோடு சேர்ந்து ஒரு நூலே வெளியிட்டார். 'யூ' அப்போது பன்மை. ஒருவருக்கு உரியது 'தவ்'. 1710இல் ஜானதன் ஸ்விஃப்ட், கும்பலைக் குறிக்கும் நீண்ட லத்தீன் தொடரை வெட்டி 'மாப்' என்று ஆக்கியிருப்பதைப் பொறுக்காமல் எழுதினார். 1789இல் பெஞ்சமின் ஃப்ராங்க்லின், தாம் பிரான்ஸில் இருந்த காலத்தில் 'நோட்டிஸ்', 'அட்வகேட்', 'ப்ராக்ரெஸ்' ஆகிய பெயர்ச்சொற்களை வினையாக்கிவிட்டார்களே என்று நோவா வெப்ஸ்டருக்குக் கடிதம் எழுதினார். 'டேலன்டட்' என்ற சொல் கோல்ரிட்ஜுக்கு அருவருப்பாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் 'த ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்' என்பது கோணல் என்று அமெரிக்காவின் ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட் ஓர் அத்தியாயம் முழுக்க வாதாடினார். 'த ஹவுஸ் இஸ் பில்டிங்' என்பதே அவருக்குச் சரி. இன்று அவர் சரியென்றதைப் பள்ளித் தேர்வில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

இவர்கள் யாரும் சாமானியர்கள் அல்லர். மொழியை நேசித்தவர்கள், மொழியால் வாழ்ந்தவர்கள். ஆனாலும் எது நிலைக்கும், எது போகும் என்பதை அவர்களால் கணிக்க முடியவில்லை. மொழியியலாளர் ஆர்னால்ட் ஸ்விக்கி 2005இல் இதற்கொரு விளக்கம் தந்தார். நாம் அண்மையில் கவனித்த ஒரு வழக்கை அண்மையில் தோன்றியது என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. கவனிக்கத் தொடங்கிய பிறகு எங்கு பார்த்தாலும் அதுவே தென்படுவதால், அது பரவிக்கொண்டிருப்பதாகவும் தோன்றுகிறது. முன்பு எல்லோரும் ஒழுங்காகப் பேசினார்கள் என்ற நினைவு பெரும்பாலும் இப்படி உருவானதுதான்.

பால் சுட்டாமல் ஒருவரைக் குறிக்க 'தே' என்று சொல்வது இதற்கு நல்ல சான்று. அது இன்றைய இளைஞர்கள் கொண்டுவந்த புதுமை என்று கோபப்படுகிறவர்கள் பலர். 14ஆம் நூற்றாண்டு நூல்களிலேயே அது இருக்கிறது. அந்த இடத்தில் 'ஹீ' என்பதே பொதுச்சொல் என்ற விதி 1745இல் ஆன் ஃபிஷர் எழுதிய இலக்கணத்தில் காணப்படுகிறது. 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்ட வாசகங்களில் ஆண்பால் சொல் பெண்களையும் உள்ளடக்கும் என்று சட்டமே இயற்றியது. 2017இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒருமை 'தே'யைச் சில இடங்களில் அனுமதித்தது. 'அவர்' என்ற பலர்பால் சொல்லால் ஒரே ஒருவரை, ஆணா பெண்ணா என்று சொல்லாமலே அன்றாடம் குறிக்கும் தமிழருக்கு இதில் திகைக்க எதுவுமில்லை.

20ஆம் நூற்றாண்டில் இந்தச் சண்டையின் உச்சம் 1961இல் அமெரிக்காவில் வந்தது. மெரியம் நிறுவனம் ஃபிலிப் கோவை ஆசிரியராகக் கொண்டு வெப்ஸ்டர் அகராதியின் மூன்றாம் பெரும்பதிப்பை வெளியிட்டது. மக்கள் எப்படிச் சொற்களை ஆள்கிறார்கள் என்று பதிவதே அகராதியின் வேலை, எப்படி ஆள வேண்டும் என்று ஆணையிடுவதல்ல என்பது கோவின் கொள்கை. படித்தவர்கள் இழிவாகக் கருதிய 'ஏன்ட்' என்ற எதிர்மறைச் சொல்லுக்கு அந்த அகராதி தந்த இடம் பத்திரிகைகளில் பெரும் கூச்சலைக் கிளப்பியது. பழைய இரண்டாம் பதிப்பையே தொடர்ந்து பின்பற்றப்போவதாக நியூயார்க் டைம்ஸ் அறிவித்தது. 'அட்லாண்டிக்' இதழில் வில்சன் ஃபாலெட் எழுதிய கண்டனத்தின் தலைப்பிலேயே நாசவேலை என்ற குற்றச்சாட்டு இருந்தது. அதே இதழில் பதில் எழுதிய பெர்கன் எவன்ஸ், டைம்ஸின் அறிவிப்பு வெளியான நாளில் வந்த இதழிலேயே இரண்டாம் பதிப்பில் இல்லாத, அது ஏற்காத சொற்களும் தொடர்களும் ஏராளமாக இருந்ததை எண்ணிக் காட்டினார். அந்தக் கோபத்தின் விளைவாகவே 1969இல் அமெரிக்கன் ஹெரிட்டேஜ் அகராதி, எழுத்தாளர்களும் அறிஞர்களும் கொண்ட ஒரு வழக்குக் குழுவின் தீர்ப்புகளோடு வந்தது. அந்தக் குழு 2018இல் கலைக்கப்பட்டது. 'ஹோப்ஃபுலி' என்பதை வாக்கியம் முழுவதற்குமான அடையாக ஆள்வதைப் படித்தவர்கள் 1960களிலிருந்து வசைபாடிவந்தார்கள். 2012இல் அசோசியேட்டட் பிரஸ் அதையும் ஏற்றது. 'லிட்டரலி' என்பதை வெறும் அழுத்தத்துக்காக ஆள்வது பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை.

என்னை மிகவும் பாதித்த ஆய்வு ஜோசப் வில்லியம்ஸ் 1981இல் கல்லூரி ஆங்கில ஆசிரியர்களுக்கான ஓர் ஆய்விதழில் எழுதியது. பிழை என்பது தாளில் இருக்கிறதா, படிப்பவர் மனத்தில் இருக்கிறதா என்பது அவருடைய கேள்வி. விதிகளை வகுத்த புகழ்பெற்ற நடையாசிரியர்கள், விதியைச் சொல்லும் பக்கத்திலேயே அதை மீறுவதையும், அதை அவர்களோ பதிப்பாசிரியர்களோ வாசகர்களோ கண்டதில்லை என்பதையும் எடுத்துக்காட்டினார். செயப்பாட்டு வினையைத் தவிர்க்கச் சொன்ன ஜார்ஜ் ஆர்வெல்லின் கட்டுரை அவற்றில் ஒன்று. கட்டுரையின் முடிவில், அதற்குள் தாமே சுமார் நூறு பிழைகளை வேண்டுமென்றே வைத்திருப்பதாக வில்லியம்ஸ் அறிவித்தார். பிழை திருத்துவதைத் தொழிலாகக் கொண்ட வாசகர்கள் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கவனிக்காமல் கடந்திருந்தார்கள். மாணவரின் விடைத்தாளில் என்றால் சிவப்பு மை பாய்ந்திருக்கும். எழுதியவர் பேராசிரியர் என்று தெரிந்ததால் கண் பிழையைத் தேடவில்லை. அப்படியானால் நாம் முதலில் பார்ப்பது ஆளை. வாக்கியம் பிறகுதான் வருகிறது.

இது இந்தியாவில் ஆங்கிலம் கற்ற ஒவ்வொருவருக்கும் உறைக்க வேண்டிய செய்தி. லௌத்தும் மர்ரேயும் வகுத்த பாதையில் ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய பள்ளி இலக்கணம் 1930களிலிருந்து நம் வகுப்பறைகளில் புழங்குகிறது. அந்தப் புத்தகத்தால் பலர் நல்ல ஆங்கிலம் எழுதக் கற்றார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் 'ப்ரிபோன்' என்று சொல்லும் பெண்ணைப் பார்த்து நேர்காணல் அறையில் புருவம் உயர்த்தும் பழக்கத்துக்கு என்ன நியாயம் இருக்கிறது? கூட்டத்தை முன்கூட்டி நடத்துவதை அது ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. ஆக்ஸ்போர்டு அகராதியும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. கேலிக்கு அஞ்சி வாயே திறக்காத மாணவர்கள் நம் கல்லூரிகளில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய மௌனம் எந்த இலக்கணப் பிழையையும்விடப் பெரிய இழப்பு.

புகாரே கூடாது என்பது என் வாதமல்ல. ஆர்வெல் 1946இல் எழுதிய அதே கட்டுரை, பாதுகாப்பற்ற கிராமங்களின் மீது குண்டு வீசுவதை 'பேசிஃபிகேஷன்', அமைதிப்படுத்தல், என்று அழைக்கும் அரசியல் மொழியைத் தோலுரித்தது. அதற்குப் பின் போரில் பொதுமக்கள் சாவதைக் குறிக்க 'கொலேட்டரல் டேமேஜ்' வந்தது. சித்திரவதைக்கு 'என்ஹான்ஸ்ட் இன்டராகேஷன்' என்ற பெயர் வந்தது. 'மிஸ்டேக்ஸ் வெர் மேட்' என்று தலைவர்கள் சொன்னபோது தவறு செய்தவர் வாக்கியத்திலிருந்தே மறைந்துபோனார். இந்தத் தொடர்கள் எதிலும் இலக்கணப் பிழை கிடையாது. மொழியின் மீது மெய்யான கோபம் பாய வேண்டிய இடம் இதுதான்.

பேச்சு புரியாமல் போவதால் மனிதர்கள் அழியக்கூடிய இன்னோர் இடமும் இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சு அரைகுறை ஆங்கிலம் என்பது நெடுங்காலக் குற்றச்சாட்டு. 'ஆஸ்க்' என்பதை 'ஆக்ஸ்' என்று உச்சரிப்பதை இன்றும் கல்லாமையின் அடையாளமாகக் காட்டுகிறார்கள். பழைய ஆங்கிலத்திலேயே இரு வடிவங்களும் இருந்தன. சாசரும் 1535இல் வந்த கவர்டேலின் பைபிளும் இழிவாகக் கருதப்படும் வடிவத்தையே ஆள்கின்றன. வினையமைப்பிலோ அந்தப் பேச்சு பாடநூல் ஆங்கிலத்தைவிட நுட்பமானது. 'ஹீ வொர்க்கிங்' என்றால் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறான். 'ஹீ பீ வொர்க்கிங்' என்றால் வழக்கமாக வேலைக்குப் போகிறவன். இந்த நொடியில் அவன் தூங்கிக்கொண்டிருக்கலாம். 'பின்' என்பதை அழுத்தி 'ஹீ பின் வொர்க்கிங்' என்றால் வெகுநாளாகவே வேலையில் இருக்கிறான். 'அவன் விடியற்காலையில் எழுவான்' என்று எதிர்கால வடிவத்தில் வழக்கத்தைச் சொல்லும் நமக்கு, வழக்கத்துக்கென்று ஒரு வினைவடிவம் இருப்பதன் அருமை தெரியும். மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1960களிலேயே நியூயார்க் தெருக்களில் ஒலிப்பதிவு செய்து, இந்தப் பேச்சுக்குக் கண்டிப்பான உள்விதிகள் இருப்பதை நிறுவினார்.

ஆனாலும் இந்தக் குரலுக்கு எதிரான வெறுப்பு காதோடு நிற்பதில்லை. மொழியியலாளர் ஜான் பா சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வாடகை வீட்டு விளம்பரங்களுக்கு ஒரே மனிதராக மூன்று பேச்சு வழக்குகளில் தொலைபேசினார். அவரும் சக ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட முடிவின்படி, வெள்ளையர் மிகுந்த பகுதிகளில் கறுப்பினப் பேச்சில் கேட்டபோது வீட்டைப் பார்க்க வரச்சொல்லும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது.

2017இல் லூசியானா மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. காவல் விசாரணையில் கறுப்பினத்தவர் ஒருவர், நான் குற்றம் செய்ததாக நீங்கள் நினைத்தால் எனக்கு வக்கீலைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி, கடைசியில் 'டாக்' (நாய்) என்று சேர்த்திருந்தார். தெருப் பேச்சில் அது நம் 'மச்சான்' போன்ற விளி. வக்கீல் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டுவிட்டால் போலீஸ் விசாரணையை நிறுத்தியாக வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். நீதிமன்றம் அவர் மனுவை ஏற்க மறுத்தது. அதற்கு உடன்பட்டுத் தனியே எழுதிய நீதிபதி ஸ்காட் கிரைட்டன், 'லாயர் டாக்' என்று அவர் கேட்டது தெளிவில்லாத குறிப்பு என்றார். நாயை வக்கீலாகக் கேட்டாரோ என்று அந்த விசாரணை அறையில் யாரும் ஐயப்பட்டிருக்க முடியாது. 'நினைத்தால்' என்ற நிபந்தனையை வைத்துச் சட்டப்படி ஒரு வாதம் செய்ய இடமிருந்தது. நீதிபதி எடுத்துக்காட்டியதோ விளிச்சொல்லை.

ட்ரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் 2012இல் ஃபுளோரிடாவில் சுட்டுக்கொல்லப்பட்டான். இறப்பதற்குச் சற்று முன்பு வரை அவனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த இளம்பெண்தான் 2013இல் நடந்த விசாரணையின் முக்கிய சாட்சி. அவர் பல மணி நேரம் சாட்சி சொன்னார். ஊடகங்கள் அவருடைய ஆங்கிலத்தைப் பழித்தன. மொழியியலாளர்கள் ஜான் ரிக்ஃபோர்டும் ஷேரிஸ் கிங்கும் அந்தச் சாட்சியத்தை வரிவரியாக ஆராய்ந்து 2016இல் எழுதிய கட்டுரை, அவருடைய பேச்சு ஒழுங்கான இலக்கணம் கொண்டது என்றும், ஜூரிகள் அதைச் சரியாக விளங்கிக்கொள்ளாமலே ஒதுக்கினார்கள் என்றும் காட்டியது. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார்.

டெய்லர் ஜோன்ஸும் சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதன் வேரைத் தொட்டது. ஃபிலடெல்ஃபியா நீதிமன்றங்களில் பணியாற்றும் 27 சுருக்கெழுத்தர்களுக்குக் கறுப்பினப் பேச்சில் அமைந்த சாதாரண வாக்கியங்களைப் போட்டுக்காட்டி எழுதச் சொன்னார்கள். 95 சதவீதமோ அதற்கு மேலோ துல்லியம் உண்டு என்று சான்றிதழ் பெற்றவர்கள் அவர்கள். முழு வாக்கியமும் சரியாக எழுதப்பட்டது சராசரியாக 60 சதவீதத்துக்கும் குறைவு. கேட்டதன் பொருளை வேறு சொற்களில் சொல்லச் சொன்னபோது சரியாக வந்தது மூன்றில் ஒரு பங்குதான். சில இடங்களில் யார் செய்தார், எப்போது செய்தார் என்பதே மாறிப்போயிருந்தது. அமெரிக்காவில் மேல்முறையீட்டு நீதிபதிகள் சாட்சியை மறுபடி கூண்டில் ஏற்றிக் கேட்பதில்லை. சுருக்கெழுத்தர் பதிந்ததே அவர்கள் முன் இருக்கும் அதிகாரபூர்வ ஆவணம். சுருக்கெழுத்தர்கள் எழுதித் தேறும் சான்றிதழ்த் தேர்வு இந்தப் பேச்சைக் கேட்டு எழுதும் திறனைச் சோதிப்பதே இல்லை என்பதை ஆய்வாளர்கள் கட்டுரையின் தொடக்கத்திலேயே பதிந்திருக்கிறார்கள்.